ராசா அண்ணை வெளியே நின்ற ஆட்டம்

கிர்க்ஹேவனில் மே மாதத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பந்தாட்டம் பார்க்கப் போவார்கள். கடலுக்குப் பக்கத்து மைதானம். கோலுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டாண்டில் கூரை பாதிதான் மூடியிருக்கும், காற்று முகத்தில் அறையும் என்று என் மகள் சொல்வாள். ஸ்கொட்லாந்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த மைதானத்தில் எந்தப் படியில் நின்றால் கால் நனையும், இடைவேளையில் எந்தப் பக்கத்துக் கடையில் இறைச்சி பேஸ்ட்ரி சூடாகக் கிடைக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

ரகுநாதன் ஐயா, நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர், திருநெல்வேலிக்காரர். என் யாழ்ப்பாணப் பேச்சைப் பிடிப்பது ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போல இருக்கிறது என்று நேற்றுச் சொன்னீர்கள். அதனால்தான் எழுதித் தருகிறேன். விசாரணை அதிகாரி மக்தூம் அவர்களுக்கு அரபியில் சொல்லும்போது பந்தாட்டக் கதை எதற்கு என்று இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டாம். பல்கனிக் கதவின் தாழ்ப்பாள் தானாக விழுந்து இராஜரத்தினம் வெளியே மாட்டிக்கொண்டார், அது விபத்து என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். அதைத் திருத்த வேண்டும். அந்த மனிதர் காரணமில்லாமல் வெயிலில் நின்றார் என்று எழுதுவது அவருக்கு மரியாதை இல்லை.

என் பெயர் சஜீவன். அஜ்மானில் ஒரு சரக்கு கம்பனியில் ஸ்டோர் கீப்பர். என் மனைவி கஜானிக்கு கிர்க்ஹேவனில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. மகள் மதுஷாவையும் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் நான் போவதாக ஏற்பாடு. விசா மறுத்தார்கள். திரும்ப விண்ணப்பித்தேன், திரும்பவும் மறுத்தார்கள். அதற்குள் கஜானிக்கு நான் இல்லாத வீடு பழகிவிட்டது.

"இனியும் இதை இழுத்துக்கொண்டு திரிய ஏலாது," என்று ஒருநாள் போனில் சொன்னாள். "நீங்க உங்கட பாட்டைப் பாருங்கோ. நான் என்ர பாட்டைப் பாக்கிறன்."

சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது நம்பிக்கை இருந்திருக்கும்.

மதுஷாவுக்குப் பன்னிரண்டு வயது. சாதாரண நாளில் நான் அவளுக்குப் போன் எடுத்தால் "ஓம்", "ம்", "தெரியாது" என்ற மூன்று சொல்லுக்குள் பேச்சு முடிந்துவிடும். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அப்பா என்பது போனில் அடிக்கடி உறைந்து நிற்கிற ஒரு முகம், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு சேர்ந்து அவள் கிர்க்ஹேவன் அத்லெட்டிக்கின் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை தற்செயலாக ஆட்ட நேரத்தில் எடுத்துவிட்டேன். பின்னால் ஊரே பாடுகிறது. இவள் நிறுத்தாமல் பேசுகிறாள். ரெஃப்ரியைத் திட்டுகிறாள், எனக்கு ஓஃப்சைட் விளங்கப்படுத்துகிறாள், சிரிக்கிறாள். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். அடுத்த கிழமையே நான் அத்லெட்டிக் ரசிகன் ஆகிவிட்டேன். நீலமும் மஞ்சளுமான துண்டு ஒன்றையும் தருவித்தேன். அஜ்மான் வெக்கையில் கம்பளித் துண்டு கட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாட்ஸ்அப்பில் பேச இங்கே வழியில்லை என்பதால் வேறொரு ஆப்பை அவளுடைய போனில் போடவைத்தேன். டிவியில் கிளப்பின் ஒளிபரப்பு, கையில் அவள். ஒளிபரப்பு இங்கே வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். ஆகவே கோல் விழுந்ததை நான் கண்ணால் காண்பதில்லை. முதலில் அவளுடைய கூச்சல் காதில் விழும். அதற்குப் பிறகுதான் என் டிவியில் பந்து வலைக்குள் போகும். அந்த இடைப்பட்ட நேரத்தைப் போல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. 

அணி வென்றால் வீடு போய்ச் சேரும்வரை நடந்துகொண்டே பேசுவாள். தோற்றால் "பிறகு எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுவாள். பிறகு என்றால் அடுத்த ஆட்டம். அதனால் அத்லெட்டிக் வெல்வது எனக்கு வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. அந்த அணியோ கடைசிக்கு முந்திய இடத்தில் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் இராஜரத்தினம் பாதி வாடகைக்கு என் அறையில் வந்து சேர்ந்தார். கரவெட்டிக்காரர், அறுபதை நெருங்கியவர், தனிக்கட்டை. லாண்டரியில் இஸ்திரி போடுகிற வேலை. சீனி வருத்தம், உங்கள் ஊரில் சர்க்கரை வியாதி என்பீர்கள், அது இருந்தது, சிகரெட்டும் இருந்தது. நான் ராசா அண்ணை என்று கூப்பிடுவேன், மதுஷா ராசா மாமா என்றாள். நல்ல மனிதர். இதை எங்கேயும் மறைக்கப் போவதில்லை.

பந்தாட்டம் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வந்த முதல் ஆட்டத்திலேயே எங்கள் நெட்டைத் தடுப்பாட்டக்காரனைப் பார்த்து, "உவன் ஆரடா, எங்கட வளவுப் பனைமரம் மாதிரி நிக்கிறான்," என்றார். போனில் அதைக் கேட்ட மதுஷா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்களும் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த ஆட்டத்தில் அவளுடைய வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள், அந்த ஆள் பந்தைத் தலையால் முட்டும்போதெல்லாம், "பனாய் மராம், பனாய் மராம்" என்று பாடினார்கள். ஒளிபரப்பிலேயே கேட்டது. ராசா அண்ணைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் கோல் காப்பாளனுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். அவள், "ம், பரவாயில்ல அப்பா," என்றாள்.

அதன் பிறகு போன் எடுத்ததும், "மாமா இருக்கிறாரா?" என்பாள். போன் அவர் கைக்குப் போகும். நான் டிவி பார்ப்பேன்.

ராசி விஷயம் என் கற்பனை இல்லை. அது அங்கிருந்து வந்தது. அந்த ஸ்டாண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிழவர் வென்ற நாளின் காலுறையை அடுத்த தோல்விவரை தோய்க்க மாட்டாராம். இன்னொரு பெண் கோர்னர் அடிக்கும்போதெல்லாம் திரும்பி நிற்பாளாம். பக்கத்து வீட்டுக்காரர் பெனால்டி என்றால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் உள்ளே நின்றால் பந்து வெளியே போகுமாம். நம்மவர்கள் பூனை குறுக்கே போனால் திரும்பி வருவதில்லையா, அதுபோல.

டிசம்பரில் ஒரு ஆட்டம். பூச்சியத்துக்கு ஒன்று என்று பின்னால் நிற்கிறோம். ராசா அண்ணை சிகரெட் பிடிக்கப் பல்கனிக்குப் போனார். மதுஷா கத்தினாள். கோல். அவர் உள்ளே வந்தார், எதிரணி அடித்தது. 

"மாமா, நீங்க திரும்ப வெளிய போங்கோ," என்றாள் சிரித்துக்கொண்டே.

அவர் போனார். மறுபடியும் கோல்.

"நான் வெளியில நிண்டா உங்கட ஆக்கள் வெல்லுவினமெண்டால்," என்று கதவுக்கு வெளியே இருந்து அவர் கத்தினார், "நான் கடலுக்க நிக்கவும் ரெடி பிள்ளை."

இப்படித்தான் தொடங்கியது. மூவரும் சிரித்தோம். அஜ்மானில் டிசம்பர், ஜனவரி என்றால் பல்கனியில் நிற்பது சுகம். அவர் ஒரு கதிரை போட்டு, சிகரெட்டோடு ஆட்டம் முடியும்வரை இருப்பார். முடிந்தால்தான் உள்ளே வந்து போனை வாங்குவார். அதுவரை அவள் என்னோடு பேசுவாள்.

வெளியே நின்றும் தோற்ற ஆட்டங்கள் உண்டா என்று மக்தூம் அவர்கள் கேட்பார். உண்டு. சரியாகச் சொன்னால், நிறையவே உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஒருமுறை கதவு சற்றுத் திறந்திருந்தது. ஒருமுறை அவர் கண்ணாடிக் கதவு வழியாக ஸ்கோரை எட்டிப் பார்த்தார். அதனால் திரைச்சீலை போட்டேன். பிறகு தண்ணீர் குடிக்க நடுவில் உள்ளே வந்துவிட்டார், அதனால் தாழ்ப்பாள் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டுமென்றால் கண்ணாடியில் தட்டுவார். நான் பதிலுக்கு ஒருமுறை தட்டினால் பொறுக்க வேண்டும், இரண்டுமுறை தட்டினால் தாழ்ப்பாளைத் திறக்க வருகிறேன் என்று அர்த்தம். அந்த ஏற்பாட்டைச் சொன்னவரே அவர்தான். போனில் பிள்ளை பேசும்போது குறுக்கே கூப்பிடக் கூடாது என்ற நல்லெண்ணம்.

மே மாதக் கடைசியில் பிளே-ஆஃப் வந்தது. தோற்றால் அத்லெட்டிக் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். இறங்கினால் வெளிநாட்டு ஒளிபரப்பு நின்றுவிடும். அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் கீழே போனால் தாங்கள் சீசன் டிக்கெட் எடுக்கப் போவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டதாக மதுஷா சொன்னாள். அப்படியென்றால் அவளும் போக மாட்டாள். ஆட்டம் இல்லாத சனிக்கிழமையில் என் பிள்ளைக்கு என்னோடு பேச என்ன இருக்கிறது? அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே நின்று கும்பிட்டேன். நல்லூர் முருகனிடம் ஒரு ஸ்கொட்லாந்து அணிக்காக நேர்த்தி வைத்த முதல் ஆள் நானாக இருக்கலாம். 

ஆட்டம் அங்கே நடுப்பகலில் தொடக்கம். இங்கே மாலை மூன்று மணி. எங்கள் பல்கனி மேற்குப் பார்த்தது. ஏசியின் வெளி யூனிட்டும் அதற்குள்தான் இருக்கிறது, அறையின் சூட்டையெல்லாம் எடுத்து அங்கேதான் ஊதும். 

ராசா அண்ணை காலை டியூட்டி முடிந்து வந்து கட்டிலில் சரிந்தார். 

"இண்டைக்கு ஏலாதடாப்பா, தலை சுத்துது. இந்த மூலையில சுவரைப் பாத்துக்கொண்டு படுக்கிறன். டிவிப் பக்கம் திரும்பவும் மாட்டன்."

"அண்ணை, பிள்ளைக்காக," என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய போன் சார்ஜரில் கிடந்தது, எடுக்க மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. "பனைமரத்துக்கு என்ர வாழ்த்தைச் சொல்லச் சொல்லு," என்றபடி வெளியே போனார். திரைச்சீலையை இழுத்தேன், தாழ்ப்பாளைப் போட்டேன். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிற மனிதருக்குச் சூடு புதிதல்ல என்று நினைத்ததாக ஞாபகம்.

இடைவேளைக்கு முன்னரே தட்டினார். ஸ்கோர் சமம். நான் எழுந்து போய் ஒருமுறை தட்டினேன். இடைவேளையில் திறக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மதுஷா அந்த நேரம் பள்ளியில் ஒரு சிநேகிதி தன்னை ஒதுக்குகிறாள் என்று சொல்லத் தொடங்கினாள். இதுவரை எனக்கு அவள் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. நடுவில் எப்படி எழுந்து போவது?

இரண்டாம் பாதியில் மறுபடியும் தட்டினார். ஒருமுறை தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் நான் பதில் சொன்னேன், ஐயா. நான் அவரைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆட்டம் சமத்தில் நின்று, மேலதிக நேரத்துக்குப் போனது. இப்போது தட்டுதல் அடிக்கடி வந்தது. 

"அப்பா, என்ன அது சவுண்ட்?" என்று மதுஷா கேட்டாள்.

"மேல்வீட்டில ஏதோ வேலை நடக்குது பிள்ளை."

"மாமா எங்க? வெளியவா? ஹொட்டா இருக்குமே. உள்ள வரச் சொல்லுங்கோ அப்பா. லக் எல்லாம் சும்மா பகிடிக்குத்தானே."

"மாமா கீழ தேத்தண்ணிக் கடைக்குப் போயிட்டார். ஏசி இருக்கிற கடை," என்றேன்.

இதை அழுத்தி எழுதுகிறேன். பிள்ளை அவரை உள்ளே எடுக்கச் சொன்னாள். அவள் மேல் ஒரு தூசும் விழக் கூடாது.

பிறகு பெனால்டிகள். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல ஸ்டாண்டைவிட்டு வெளியே போய்விட்டாராம். மதுஷா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, நீங்க சொல்லுங்கோ, நீங்க சொல்லுங்கோ," என்கிறாள். என் டிவியில் படம் பிந்தி வருகிறதே, நான் எதைச் சொல்வது? ஆனாலும் அவள் என்னிடம்தான் கேட்டாள். கண்ணாடியில் தட்டுகிற சத்தம் அப்போது மாறியிருந்தது. விரல் முட்டியால் தட்டுவது போல இல்லை, உள்ளங்கையை வைத்து இழுப்பது போல இருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டினேன். எழுந்து போய் ஒருமுறை தட்டிவிட்டு வந்தேன்.

கடைசிப் பெனால்டியை அடித்தது பனைமரம். கூச்சலில் போனே வெடித்துவிடும் போலிருந்தது. ஊர் முழுவதும் மைதானத்துக்குள் இறங்கி ஓடுகிறது. மழையாம், எல்லோரும் நனைந்துகொண்டு பாடுகிறார்கள், கிழவர் காலுறையைக் கழற்றி ஆகாயத்தில் சுழற்றுகிறாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அப்பாவும் மகளும் ஒன்றாக அழுதோம்.

ஆட்டம் முடிந்துவிட்டதே, அப்போது ஏன் திறக்கவில்லை என்று நேற்று நீங்கள் கேட்கவில்லை. தாழ்ப்பாள் இறுகிவிட்டது என்று நான் சொன்னதை நம்பினீர்கள். தாழ்ப்பாள் இறுகவில்லை. ஒரு விரலால் தள்ளினால் திறக்கும்.

நான் கதவருகே போனேன். திரைச்சீலையில் கைவைத்தேன். அந்த நேரம் மதுஷா, "அப்பா, மாமா வந்திட்டாரா? போனை மாமாட்டக் குடுங்கோ, பனைமரம் அடிச்சது எண்டு நான்தான் சொல்லோணும்," என்றாள்.

மறுபக்கத்தில் கண்ணாடியில் ஏதோ உரசியது. மிகவும் கீழே, என் முழங்கால் உயரத்தில்.

"மாமா வந்து படுத்திட்டார் பிள்ளை. நல்ல நித்திரை," என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து கண்ணாடியில் ஒருமுறை தட்டினேன்.

"சரி, அப்ப உங்களுக்கே சொல்லுறன்," என்றாள். அவள் வீட்டுக்கு நடந்துபோன வழி முழுவதும் சொன்னாள். ஆட்டம் முடிந்து சிநேகிதியின் கதை வந்தது, பிறகு அம்மா வேலையில் களைத்து வருவது, அங்கே இருட்டாத கோடை. வாசலுக்கு வந்த பிறகும் உள்ளே போகாமல் மதிலில் உட்கார்ந்தாள். "நீங்க இஞ்ச வந்தா நாங்க ரெண்டு பேரும் ஒண்டாப் போவம் அப்பா," என்றாள். அவளாகச் சொன்னது. நான் கேட்கவில்லை. கஜானி உள்ளே கூப்பிடும்வரை பேசினாள்.

அதற்குப் பிறகு கதவைத் திறந்தேன். வெயில் இறங்கியிருந்தது. அவர் கதவோரம் சுருண்டு, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தபடி கிடந்தார். தொட்ட கையை எடுக்க வேண்டியிருந்தது, உடம்பு அப்படிக் கொதித்தது. மூச்சு இல்லை. நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று அறிக்கையில் இருக்கிறது. அதையும் திருத்துங்கள். முதலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோரைச் சொன்னேன். பனைமரம் அடித்ததையும் சொன்னேன். அவ்வளவு நேரம் காத்திருந்தவருக்கு அது தெரிய வேண்டும் என்று தோன்றியது.

இராஜரத்தினத்தைக் கொன்றது நான்தான். வெக்கையும் சீனி வருத்தமும் என்று டாக்டர் எழுதியது அவருடைய படிப்பு. தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. அவர் தட்டியது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. 

ஏன் செய்தாய் என்ற இடத்தில் ராசி என்றே எழுதுங்கள், ரகுநாதன் ஐயா. மக்தூம் அவர்கள் சிரித்தாலும் மாற்ற வேண்டாம், அதில் பொய் இல்லை. அவர் அறைக்குள் இருந்த எந்த நாளிலும் என் பிள்ளை என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.